வெள்ளிக்கிழமைப் பெரட்டு

1

எங்கள் காலனி வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். பச்சை வர்ணம் அடித்து, மலையாளம், தமிழ், இங்கிலீஷ் என்று மூன்று பாஷையில் எழுதியிருக்கிறார்கள். பிச்சை எடுப்பவர்கள் உள்ளே வரக் கூடாது, இரவில் தங்கக் கூடாது, உத்தரவு, குடியிருப்போர் சங்கம். யாருக்காக எழுதினார்களோ அவர்களில் ஒருவருக்கும் இந்த மூன்றில் ஒன்றுகூட வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த நாங்கள் தினமும் வாசித்துக்கொண்டு போகிறோம்.

தமிழ் வரியை எழுதித் தரும்படி முதலில் என்னிடம்தான் வந்தார்கள். "சிலோன் வாத்தியார் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு சொன்னாங்க. ரெண்டு வரிதான்," என்றார் சங்கச் செயலாளர் சண்முகவேல். தேயிலை ஃபாக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். என் கையெழுத்து முத்து முத்தாக இருப்பது உண்மைதான். அதை இந்தக் காரியத்துக்குத் தர முடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். கடைசியில் லாரிக்குப் பின்னால் எழுதுகிற ஆளைப் பிடித்து எழுதிவிட்டார்கள். பலகையின் நாலு மூலையிலும் தாமரைப்பூ வேறு.

கப்பல் இறங்கி இந்த வைகாசியோடு மூன்று வருஷம் ஆகிறது. அங்கே இருக்கிற நீங்கள், இந்தியாவுக்குப் போன வாத்தியார் எப்படி இருக்கிறார் என்று கேட்டு எழுதுகிறீர்கள். நல்ல சேதியாக எழுதத்தான் ஆசை. ஆனால் பேனாவை எடுத்தால் இந்தப் பலகைதான் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது தேவிகுளத்துக்குக் கீழே, தோட்டம் ஒன்று விற்றுவிட்ட ஒரு மூலையில். ஊர்க்காரர்கள் ரிட்டயர்டு காலனி என்கிறார்கள். கண்டக்டர், ரைட்டர், டீமேக்கர், ஆஸ்பத்திரி கம்பவுண்டர் என்று தோட்டத்தில் உத்தியோகம் பார்த்தவர்கள், ஓய்வுப் பணத்தில் வீடு கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். கண்டக்டர் என்றால் பேருந்து கண்டக்டர் இல்லை. நம் பக்கத்தில் கணக்கப்பிள்ளை என்போமே, அந்த வேலை. நாங்கள் இருக்கிற வீடு என் மனைவி தெய்வானையின் அண்ணன் வீடு. மச்சான் கோயம்புத்தூரில் மகளோடு போய் இருந்துகொண்டு, எங்களை இதில் இருக்கச் சொல்லிவிட்டார். குளிர், மூடுபனி, தேயிலை வாசம் எல்லாம் நம் ஊர் மாதிரியேதான். காலையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் ஹட்டன் பக்கம் நிற்பதாகவே தோன்றும். வாயைத் திறந்தால்தான் வேறு ஊர் என்று தெரியும். வந்த புதிதில் ரொட்டி வாங்கப் போய், கடையில் நம் பழக்கத்தில் பாண் கேட்டேன். வெற்றிலை பாக்குக் கடையைக் காட்டி அனுப்பினார்கள்.

2

பலகை யாரைப் பற்றியது என்று சொல்ல வேண்டும்.

காலனிக்குக் கீழே, ரோட்டை ஒட்டி, தோட்டம் விட்டுவிட்டுப் போன கொழுந்து நிறுக்கிற ஷெட் ஒன்று இருக்கிறது. மூன்று பக்கம் தகரம், ஒரு பக்கம் காற்று. அதில் பேச்சியும் அவள் புருஷன் செல்லையாவும் இருக்கிறார்கள். செல்லையாவுக்கு இரண்டு கண்ணும் மங்கல், நெஞ்சில் இருமல். பேச்சி அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே ஓய்வு பெற்றவள். அவள் கொழுந்து நிறுத்த தராசு தொங்கிய கொக்கிக்குக் கீழேதான் இப்போது படுத்திருக்கிறாள். பகலில் காலனியில் வீடு வீடாக வருவாள். சத்தம் போட்டுக் கேட்க மாட்டாள். வாசலில் நின்று ஒரு தடவை இருமுவாள், அவ்வளவுதான். அவளைப் போல இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் கடைத்தெருவிலும் பஸ் ஸ்டாண்டிலும் படுத்துக்கொண்டு இங்கே வந்து போகிறார்கள். எல்லாரும் தோட்டத்தில் உழைத்துத் தேய்ந்தவர்கள்.

ஏன் இப்படி என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே உள்ள வழக்கம்தான் இங்கேயும். தோட்டத்து ஆள் கணக்கில், செக்ரோலில், பேர் இருக்கிறவனுக்குத்தான் லயத்தில் வீடு. வயதாகிப் பேரை எடுத்துவிட்டால், வீட்டில் வேறு யாருக்காவது பேர் இருக்க வேண்டும். பேச்சி வீட்டில் மகனுக்குப் பேர் இருந்தது. அவன் ஒரு நாள் லாரியில் ஏறிப் போடி பக்கம் போனவன் திரும்பவில்லை. கொஞ்ச நாள் பார்த்தார்கள், பேரை வெட்டினார்கள். பேர் போனது, வீடும் போனது. சட்டி பானையை வெளியே எடுத்து வைத்துப் பூட்டுப் போட்டார்கள்.

காலனிக்காரர்களுக்கு வருத்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர்கள் சொல்லும் குறைகளிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ரைட்டர் வீட்டுக் கொடியில் காய்ந்த கம்பளி காணாமல் போனது. கம்பவுண்டர் செத்த பிறகு அவர் மனைவி தனியாக இருக்கிறார். விடிவதற்குள் யாரோ கதவைத் தட்டியதில் அந்த அம்மாவுக்கு ஒரு வாரம் காய்ச்சல். குடிதண்ணீர்க் குழாயடியில் ஒரு ஆள் புண்ணைக் கழுவினான். எல்லாம் நடந்ததுதான். வயதான காலத்தில் பயம் வரும், எனக்கும் வருகிறது. ஆனால் கம்பளி போனதற்குக் கம்பளியைப் பற்றித்தானே பேச வேண்டும். இவர்கள் ஜாதகம் பேசுகிறார்கள். "சோம்பேறிக் கூட்டம் வாத்தியாரே. சம்பாதிக்கிறப்ப குடிச்சுத் தீத்துட்டு, இப்ப நம்ம வாசல்ல வந்து நிக்கிது," என்கிறார் சண்முகவேல். பேச்சி பறித்த கொழுந்தைத்தான் இவர் தூளாக்கினார். அந்தத் தூளில் கட்டிய வீடுதான் இது. அதைச் சொன்னால் எனக்கு ரத்தக் கொதிப்பு என்கிறார்கள்.

நாங்கள் கிளம்புவதற்கு முந்திய வருஷத்தை நினைத்துப் பாருங்கள். மாவு இல்லை, அரிசி இல்லை, தோட்டத்தில் வேலை நாளைக் குறைத்துவிட்டார்கள். என்னிடம் இரண்டாம் வகுப்புப் படித்த பிள்ளையின் தாய், ஸ்டேஷன் வாசலில் முந்தானையை விரித்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டாள். அப்போது டவுன் முதலாளிமார் கூட்டம் போட்டு, தோட்டத்து ஆட்களால் ஊர் அசிங்கமாகிறது என்று பேசினார்கள். அவர்கள் வேறு ஜாதி, வேறு பாஷை, பேசிவிட்டுப் போகட்டும் என்று பல்லைக் கடித்தோம். இங்கே பேசுகிறவர்கள் நம் பாஷையில் பேசுகிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

3

என் விவகாரம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இது இல்லாமல் பின்னால் வருவது புரியாது.

எனக்கு இன்னும் ரேஷன் கார்டு கிடைக்கவில்லை. தேவிகுளம் தாலூக்கா ஆபீஸுக்கு நான் நடந்த நடையில் ஒரு ஜோடிச் செருப்பு போய்விட்டது. அங்கே இருக்கிற குமாஸ்தா கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்வார், சாயா வாங்கித் தருவார், கார்டு மட்டும் தர மாட்டார். "சிலோனில் நிந்நு வந்ததல்லே? இவிடெ தாமசிக்குந்நு எந்நதினு தெளிவு வேணம் மாஷே," என்பார். இங்கே குடியிருக்கிறேன் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம். கப்பலில் தந்த காகிதம் இருக்கிறது. அதில் நான் கப்பலில் வந்தேன் என்றுதான் இருக்கிறது, இறங்கி எங்கே குடியிருக்கிறேன் என்று இல்லை. வீட்டுப் பத்திரம் மச்சான் பேரில். அதனால் காலனி சங்கத்திடம் ஒரு சீட்டு வாங்கி வரச் சொன்னார்.

சங்கத்தில் போய்க் கேட்டேன். உறுப்பினருக்குத்தான் சீட்டு தருவோம் என்றார் சண்முகவேல். சரி, உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அதற்கு ரேஷன் கார்டு வேண்டும் என்றார். சிரிக்காமல் சொன்னார். நான் மறுபடி குமாஸ்தாவிடம் போனேன், அவர் மறுபடி சாயா வாங்கித் தந்தார்.

அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். இதைப் பற்றிப் புலம்ப எனக்கு இஷ்டமில்லை, எல்லாரும் புலம்பியாயிற்று. எனக்கு ஆத்திரம் என் மகன் பேரில். சந்திரன் மூணாறில் ஒரு டூரிஸ்ட் பங்களாவில் வேலை பார்க்கிறான். மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. வேலைக்கு அத்தாட்சி காட்டி அவன் பேரில் மட்டும் ஒரு கார்டு வாங்கிவிட்டான். போடியிலிருந்து வந்தவன் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறானாம். சங்கத்தில் சேர்ந்து, ஜாயின்ட் செக்ரட்டரியும் ஆகிவிட்டான். பலகை மாட்டிய அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது அவன்தான்.

"ஏன்டா, கப்பல் எறங்கி மண்டபம் கேம்ப்ல தகரக் குவளையை வச்சிக்கிட்டு நாம கஞ்சிக்கு வரிசையில நின்னது மறந்திருச்சா?" என்று கேட்டேன்.

"அது சர்க்கார் குடுத்தது. பிச்சை இல்ல. அவங்க வேற, நாம வேற அப்பா," என்றான்.

"எந்த வகையில வேற?"

தெய்வானைதான் அடுப்படியிலிருந்து, "சாப்பிடுற நேரத்துல ஆரம்பிச்சிட்டீங்களா ரெண்டு பேரும்," என்றாள். அவள் தினமும் கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுப் பின்பக்க வழியாக ஷெட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறாள். மகனுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

4

பலகை மாட்டியும் ஆட்கள் வருவது நிற்கவில்லை. அதற்குத்தான் பெரிய கண்டக்டர் பொன்னையா ஒரு யோசனை கொண்டுவந்தார்.

பொன்னையாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேலையில் இருந்த காலம் முழுக்க விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நின்று, பேர் கூப்பிட்டு அன்றைய வேலைக்கு ஆள் பிரித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அதே நேரத்துக்கு எழுந்து, காக்கிக் கால்சட்டை மாட்டி, வாசலில் வந்து நின்றுகொண்டிருப்பார். பிரிக்க ஆள் இல்லாமல் மனிதர் இளைத்துப் போனார். பால்காரனைப் பிடித்து ஏன் லேட் என்று கேட்பார்.

அவர் சங்கத்தில் சொன்னது இது. கண்ட நேரத்தில் கண்ட வாசலில் நிற்பதால்தான் தொல்லை. வெள்ளிக்கிழமை காலையில் எல்லாரும் ஒரே இடத்துக்கு வரட்டும். பேர் கூப்பிடுவோம். காலனி ரோட்டைக் கூட்டி, சாக்கடையைத் தள்ளிவிட்டு, வீட்டுக்கு ஒரு பிடி என்று சேர்த்த அரிசியை வாங்கிக்கொண்டு போகட்டும். மற்ற நாளில் தலை காட்டக் கூடாது. "சும்மா குடுத்தா கெட்டுப்போவாங்க. ஒழுங்கு வேணும்," என்றார். எமர்ஜென்சி வந்து, பஸ்ஸில்கூட நாக்கை அடக்கி வேலையைப் பார் என்று எழுதி ஒட்டியிருக்கிற காலம் இது. ஒழுங்கு என்ற சொல்லைக் கேட்டால் எல்லாருக்கும் உடம்பு சிலிர்க்கிறது. ஏகமனதாக நிறைவேற்றினார்கள்.

அந்தக் கூத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பொன்னையா எங்கிருந்தோ ஒரு விசில் தேடி எடுத்துவிட்டார். நீளமான கணக்குப் புத்தகம் வாங்கிக் கோடு போட்டுப் பேர் எழுதினார். வெள்ளி காலையில் விசில் ஊதினால் கிழங்களும் கிழவிகளும் பலகைக்குக் கீழே வரிசையில் நிற்பார்கள். யாரும் சொல்லித் தரவில்லை, தானாகவே ஆண் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம். பேர் கூப்பிட்டால், "இருக்கேனுங்கய்யா" என்று குரல் வரும். செல்லையா கண் தெரியாமல் தடவிக்கொண்டு வந்து கொஞ்சம் பிந்திவிட்டார். "லேட்டு. அரைப்பேரு," என்று எழுதி, அரிசியைப் பாதியாகக் குறைத்தார் பொன்னையா. பிச்சைக்கு அரைப்பேர் போட்ட ஊர் உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும். அன்று என் வீட்டுப் பங்கு அரிசியை வாங்க வந்த ஆளை நான் திட்டிய திட்டு இரண்டு தெரு தாண்டிக் கேட்டிருக்கும்.

ஆனால் மற்ற வீடுகளில் ஒரே சந்தோஷம். யூகலிப்டஸ் இலை ஒன்றுகூட இல்லாமல் ரோடு பளிச்சென்று இருந்தது. சாக்கடை ஓடியது. கம்பவுண்டர் மனைவிகூட இப்போது பயமில்லை என்றார். சண்முகவேல் வீட்டுக் கோழிக்கூட்டைக் கழுவுவதும் எப்படியோ காலனி வேலையில் சேர்ந்துவிட்டது. பொன்னையாவுக்கு முகத்தில் ரத்தம் ஊறி, மனிதர் பத்து வயது குறைந்துபோனார்.

"பரவாயில்ல, மதிப்பாக் கூப்பிடுதாக," என்றாள் பேச்சி, நான் ஷெட் பக்கம் போனபோது.

"இதுலே என்ன மதிப்பு? ஒன்னைப் பேர் சொல்லி வேலை வாங்கிட்டு ஒரு படி அரிசியைத் தர்றானுங்க," என்று சீறினேன்.

அவள் தராசுக் கொக்கியில் துணிமூட்டையை மாட்டிக்கொண்டே, "பேரு போட்டிருக்குல்ல வாத்தியாரே," என்றாள். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

5

இங்கே மழைக்கு இடவப்பாதி என்று பேர். வைகாசி நடுவில் பிடித்தால் லேசில் விடாது. முதல் தூறல் விழுந்த வாரத்தில் சங்கம் ஒரு முடிவு எடுத்தது. ஷெட்டைப் பிரித்துவிட வேண்டும். தகரத்தை எடுத்துச் சங்கத்துக்கு ஒரு ஆபீஸ் கூரை போடலாம். ஷெட் இருந்தால்தானே ஆள் தங்கும் என்று சண்முகவேல் விளக்கினார். மழைக்காலம் முடியட்டும் என்று, கூட்டம் நடந்த வீட்டு வேலிக்கு வெளியே நின்று நான் கத்தினேன். உறுப்பினர் அல்லாதவர் பேசக் கூடாது என்றார்கள். எழுதிக்கொண்டிருந்த ஜாயின்ட் செக்ரட்டரி தலையை நிமிர்த்தவில்லை.

அந்தச் செல்லையாவுக்கு ஏற்கெனவே இருமினால் மூச்சு திரும்புவதில்லை. தகரம் போனால் அந்த மழையில் அவர் ஒரு வாரம் தாங்க மாட்டார். இது காலனியில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் கை தூக்கினார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. சேலைத் தலைப்பையும் சாக்கையும் தலையில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பொன்னையா குடைக்குக் கீழே புத்தகத்தை விரித்தார். பேச்சியின் பேரைக் கூப்பிட்டார். அவள் இருக்கேன் என்று சொல்லாமல் வரிசையை விட்டு முன்னால் வந்தாள்.

"என்ன பேச்சி, வரிசையில நில்லு."

"அய்யா, ஷெட்டப் பிரிக்கப்போறீகளாமே."

"ஆமா. கமிட்டி முடிவு. நீ வேற எடம் பாத்துக்க."

"வேற எடம் நீங்கதான பாத்துக் குடுக்கணும்," என்றாள் பேச்சி. குரலை உயர்த்தவில்லை. "எம்பேரு ஒங்க செக்ரோல்ல இருக்கு. பேரு போட்டா வீடு உண்டா இல்லையா? நீங்களே சொல்லுங்கய்யா. ஒங்களுக்குத் தெரியாததா?"

பொன்னையாவின் பேனா அப்படியே நின்றது. பக்கத்தில் நின்ற சண்முகவேல்தான் பாய்ந்தார். "ஏ கெழவி, இது தோட்டமில்ல, காலனி. ஏதோ பாவம்னு அரிசி குடுத்தா வீடு கேக்குறியா?"

"தோட்டமில்லன்னா விசில எதுக்கு ஊதுனீக? வேலைய எதுக்கு வாங்குனீக? எம்புருசனுக்குக் கண்ணு தெரியல, பிந்தி வந்தாருன்னு அரைப்பேரு போட்டீகளே, அது எந்த ஊரு பிச்சையில உண்டு?" என்று கேட்டுவிட்டு அவள் பொன்னையாவைப் பார்த்தாள். "வீட்டக் குடுங்க. இல்லன்னா தகரத்தத் தொடாதீக. அதுவரைக்கும் வேல கெடையாது."

விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக வைத்தார்கள். சாக்கடை தள்ளுகிற கிழவர் மட்டும் கொஞ்சம் யோசித்தார், பிறகு அவரும் உட்கார்ந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. அவர்களுக்கு மேலே அந்தப் பச்சைப் பலகை சொட்டிக்கொண்டிருந்தது. இங்கே இரவில் தங்கக் கூடாது என்று அது சொல்லிக்கொண்டிருக்க, இவர்கள் பகலிலேயே எழுந்திருக்க மறுத்துவிட்டார்கள். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. தட்டினேன். சந்திரன் என்னை முறைத்தான்.

6

சாயங்காலம் சண்முகவேல் வீட்டு வராந்தாவில் அவசரக் கூட்டம். நான் படிக்குக் கீழே குடையோடு நின்றேன். பேச்சியும் இன்னும் நாலைந்து பேரும் வேலியோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

சண்முகவேல் சொன்னார்: "ஒரே வழிதான். எல்லார் பேரையும் வெட்டிருவோம். பேரு இருந்தாத்தான வீடு கேப்பாங்க. கண்டக்டர், புத்தகத்த எடுங்க."

பொன்னையா புத்தகத்தை எடுத்தார். திறக்கவில்லை. "என்ன காரணம்னு எழுத?" என்று கேட்டார்.

"காரணம் எதுக்கு? வெட்டுங்க."

"காரணம் இல்லாம நான் ஒரு பேரையும் வெட்டுனது இல்ல. பேரு இருக்கிற ஆள வீட்ட விட்டு எறக்குனதும் இல்ல. வெட்டிட்டுத்தான் எறக்குவேன். அதான் முறை." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இரக்கம் என்று எதுவும் இல்லை, தொழில்தான் இருந்தது. "வேலைக்கு வராம நின்னா வெட்டலாம். இவ ஒரு வெள்ளிகூட நிக்கல. திருடுனா வெட்டலாம். திருடல. வயசாயிருச்சுன்னு ரிட்டயர் பண்ணி வெட்டலாம்."

"அப்ப அதையே எழுதுங்க. ரிட்டயர்னு எழுதுங்க," என்றார் சண்முகவேல்.

வேலியோரத்திலிருந்து பேச்சி எழுந்தாள். "நான்தான் ஏற்கெனவே ரிட்டயர் ஆனவளாச்சே. ஒருத்திய எத்தன தடவ ரிட்டயர் பண்ணுவீக? இது ரிட்டயர் ஆனவுக காலனிதான? நானும் ரிட்டயர்தான்."

கம்பவுண்டர் மனைவி முதலில் சிரித்தார். பிறகு ரைட்டர் சிரித்தார். சண்முகவேல் சிரிக்கவில்லை. பொன்னையா புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "முறைப்படி இந்தப் பேர வெட்ட முடியாது. பேரு இருக்கிறவரைக்கும் ஷெட்டப் பிரிக்கவும் முடியாது. பிரிச்சா பெரட்ட வேற ஆள வச்சு எடுத்துக்குங்க," என்றார்.

வேறு ஆளை வைத்துப் பெரட்டு எடுக்க யாருக்கும் மனமில்லை. ரோடு அழுக்காகக் கிடக்கவும் யாருக்கும் மனமில்லை. ஷெட் இருக்கட்டும் என்று முடிவானது. திறந்த பக்கத்துக்கு ஒரு தட்டி வைத்துத் தருவார்களாம். போலீஸ்காரர் வந்து விரட்டினால் காட்டுவதற்கு, பேச்சியும் செல்லையாவும் இங்கே குடியிருப்பவர்கள் என்று சங்கத்தின் முத்திரை குத்திய சீட்டு ஒன்றும். அந்தச் சீட்டை எழுதியது என் மகன். முத்து முத்தான கையெழுத்து, என்னுடையதைப் போலவே.

இதைக் கேட்டு நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். எனக்கும் அன்று ராத்திரி சந்தோஷமாகத்தான் இருந்தது. விடிந்ததும் கோபம் திரும்பி வந்துவிட்டது. மழையில் ஒரு மனிதன் நனைவான் என்பது இவர்களை அசைக்கவில்லை. தாய் தகப்பன் வயதில் இருக்கிறவர்கள் என்பது அசைக்கவில்லை. ஒரு கோடு போட்ட புத்தகத்தில் பேர் இருக்கிறது என்பதுதான் அசைத்தது. வாழ்நாள் முழுக்க உறிஞ்சிவிட்டுத் துப்பிய அதே பெரட்டுக்குள் மறுபடியும் போய் நின்றால்தான் அவளுக்கு ஒரு தகரம் கிடைக்கிறது. பலகையையும் கழற்றவில்லை. அது அப்படியே தாமரைப்பூவோடு தொங்குகிறது.

இரண்டு நாள் கழித்து ஷெட் பக்கம் போனேன். பேச்சி சீட்டைத் தகர டப்பாவிலிருந்து எடுத்து என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். மூன்று வருஷமாகத் தாலூக்கா ஆபீஸில் நான் கேட்டு நிற்கிற அதே வாசகம். இன்னார் இந்தக் காலனியில் குடியிருக்கிறார் என்று. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். சொன்னேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வெள்ளிக்கெழம வாங்க வாத்தியாரே. கண்டக்டரய்யாகிட்டச் சொல்லி ஒங்க பேரையும் போடச் சொல்லுதேன்," என்றாள். கேலியாகச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை விசில் ஊதியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் ஆண்கள் பக்கம் நின்றேன். தெய்வானை வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. கடைசிப் பேர் கூப்பிட்டு முடிந்ததும் பொன்னையா என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரே, வெளையாடாதீக."

"வெளையாடலை. பேர் இருக்கிறவனுக்கு வீடும் உண்டு, சீட்டும் உண்டுன்னு நீங்கதானே முடிவு எடுத்தீங்க. எனக்குச் சீட்டு வேணும். பேர் போடுங்க."

சண்முகவேல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பொன்னையா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். புத்தகத்தில் ஒரு கோடு கீழே இறங்கி, என் பேரைக் கேட்டு எழுதினார். பிறகு பழக்க தோஷத்தில், "எந்தத் தோட்டம்?" என்று கேட்டார்.

இந்த மண்ணில் இறங்கியதிலிருந்து என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. எந்தக் கப்பல், எந்தக் கேம்ப், எந்தக் காகிதம் என்றுதான் கேட்டார்கள். நம் தோட்டத்தின் பேரைச் சொன்னேன். அதையும் எழுதினார்.

பேச்சி ஒரு விளக்குமாற்றை என் கையில் தந்தாள். சண்முகவேல் வீட்டு வாசலிலிருந்து கூட்ட ஆரம்பித்தேன். நாலு வீடு தாண்டியிருப்பேன், சந்திரன் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். முகமெல்லாம் வெளுத்திருந்தது. "அப்பா, எல்லாரும் பாக்கிறாங்க. உள்ள வாங்க."

"பேர் போட்டாச்சு," என்றேன். "வேலை முடிஞ்சுதான் வருவேன். நீ வழியை விட்டுத் தள்ளி நில்லு."